ஒட்டவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம்... முதலில் பாருங்கள்!

லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் தமிழர்கள் வாங்கும் வீடுகளில் பல, நூறு வருஷத்தைத் தாண்டிய வரிசை வீடுகள். சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை அறைகளைப் புதுப்பிப்பது. சுவரில் பழைய வால்பேப்பர். மங்கிப் போன பூ டிசைன், ஓரத்தில் பிரிந்து தொங்கும் முனை, மூலையில் கறுப்புப் புள்ளிகள். இதை என்ன செய்வது?

கேட்ட உடனே இரண்டு கோஷ்டிகள் ஓடி வரும்.

முதல் கோஷ்டி: "அதை ஏன் நோண்டுறீங்க? மேலேயே இன்னொண்ணு ஒட்டிடுங்க. இல்லேன்னா பெயின்ட் அடிச்சிடுங்க. ஒரே நாள் வேலை!"

இரண்டாம் கோஷ்டி: "எல்லாத்தையும் பிய்ச்சு எறிங்க. மெஷினைப் போட்டுத் தேய்ச்சா சுவர் மொழுமொழுன்னு ஆயிடும். ஒரே நாள் வேலை!"

பார்த்தால் எதிரெதிர்க் கட்சிகள் மாதிரித் தெரியும். இல்லை. இரண்டும் ஒரே கட்சிதான். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வேலையை முடிக்கிற கட்சி. ஒருவர் மறைக்கிறார், இன்னொருவர் பொடியாக்கிக் காற்றில் விடுகிறார். இரண்டுக்கும் விலை கொடுப்பது வேறு யாரோ.

பூசணிக்காயும் சோறும்

முதலில் ஒட்டுகிற கோஷ்டி.

நம்ம ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டிய சுவரைக் கவனித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. போஸ்டர் மேல் போஸ்டர், அதன் மேல் கட்சிப் போஸ்டர், அதற்கும் மேலே கண்ணீர் அஞ்சலி. ஒரு மழை வந்தால் போதும், மொத்தமும் ஒரே பாளமாகக் கழன்று தொங்கும். மேலே இருப்பது நேற்று ஒட்டிய புதுப் போஸ்டராக இருந்தாலும் அடியில் இருக்கிற பசை பழசுதானே! மேலே ஏறும் ஒவ்வொரு அடுக்கின் எடையையும் அந்த முதல் அடுக்கின் பசைதான் தாங்க வேண்டும்.

அறைக்குள் நடப்பதும் இதே கதைதான். பழைய வால்பேப்பரை ஒட்டப் பெரும்பாலும் பயன்பட்டது மாவுப் பசை. அதாவது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் கரைத்து வைக்கும் மைதா பசைக்கு அண்ணன் முறை. புதுப் பசையோ தண்ணீர் கலந்த பெயின்ட்டோ மேலே பட்டதும் அந்த ஈரம் கீழே இறங்கிப் பழைய பசையை இளக்குகிறது. குமிழ் கிளம்புகிறது, இணைப்புக் கோடுகள் தெரிகின்றன. பெயின்ட் அடித்துவிட்டால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பின்னாளில் உரிக்க வருகிறவர் ஊற்றும் தண்ணீர் பெயின்ட்டைத் தாண்டி உள்ளே போகாது. ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும்.

இதெல்லாம் அழகுப் பிரச்சினை. பெரிய பிரச்சினை ஓதம். வெளிச்சுவரில் ஈரம் ஏறுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உடைந்த மழைநீர்க் குழாய், விரிசல், தரையிலிருந்து செங்கல் வழியாக உறிஞ்சி மேலேறும் தண்ணீர், சமையல் ஆவி வெளியே போக வழியில்லாத ஜன்னல்... இதில் ஏதாவது ஒன்று. மூலையில் தெரிகிற கறுப்புப் புள்ளிகள் அந்தக் காரணத்தின் புகார் மனு. அதன் மேல் வினைல் பூசிய காகிதத்தை ஒட்டினால் சுவர் மூச்சு விடுவதும் நிற்கிறது. ஈரம் பின்னால் தேங்குகிறது. பூசணத்துக்கு இருட்டு, ஈரம், சாப்பிட மாவு... மூன்றும் இலவசம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைப்பது பூசணத்தை. பூசணிக்காயாவது வளராது!

பச்சை நிறமே...

"சரி, அடியில் அப்படி என்னதான் இருந்துவிடப் போகிறது? வெறும் காகிதம்தானே?" என்று கேட்பவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

1775ல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் ஒரு பளிச் பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த கலவை. தமிழில் சொன்னால் பாஷாணம் கலந்த பச்சை. அடுத்து 1814ல் அதைவிடப் பளபளப்பான மரகதப் பச்சை வந்தது. அதிலும் ஆர்செனிக்தான். இங்கிலாந்து முழுக்க வரவேற்பறை, படுக்கையறை, குழந்தைகள் அறை என்று சுவருக்குச் சுவர் பச்சை ஏறியது.

1862ல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் டிப்தீரியா என்றார்கள். அந்த வீட்டைப் பார்த்த மருத்துவருக்கோ சுவரில் ஒட்டியிருந்த பச்சைக் காகிதத்தின் மேல் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அன்று எத்தனை பேர் ஏற்றார்கள்? வியாபாரிகள் ஏற்கவில்லை. பணக்காரர்களும் தங்கள் வீட்டுப் பச்சையைக் கழற்றிவிடவில்லை.

வால்பேப்பர் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் வில்லியம் மோரிஸ். கலைஞர், கவிஞர், தொழிலாளர் உரிமை பேசிய சோஷலிஸ்ட். அவருடைய குடும்பத்துக்கு டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற சுரங்கத்தில் பங்கு இருந்தது. செம்புக்காகத் தோண்ட ஆரம்பித்து, பிறகு ஆர்செனிக்கும் ஏராளமாக எடுத்த சுரங்கம் அது. 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநர்களில் ஒருவராகவும் மோரிஸ் இருந்தார். வால்பேப்பர் விஷம் என்ற பேச்சை அவர் டாக்டர்கள் கிளப்பிவிட்ட பீதி என்றே நினைத்தார். 2003ல் ஆண்ட்ரூ மெஹார்க் என்ற விஞ்ஞானி மோரிஸின் ஆரம்பகால வால்பேப்பர் ஒன்றைச் சோதித்து, அதில் ஆர்செனிக் இருந்ததை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இத்தனை நல்ல மனிதரே தன் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க மறுத்தார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

பார்த்தவர் ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ராபர்ட் கெட்ஸி என்ற வேதியியல் பேராசிரியர். 1874ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். புத்தகம் என்றால் அதில் கொஞ்சம் முன்னுரை, மிச்சமெல்லாம் 86 வால்பேப்பர் துண்டுகள். எல்லாம் ஆர்செனிக் நிறமி கலந்த நிஜமான துண்டுகள். 100 பிரதிகள் செய்து மாநிலத்தின் நூலகங்களுக்கு அனுப்பினார். "உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது இதுவா, ஒப்பிட்டுப் பாருங்கள்" என்பதுதான் நோக்கம். புத்தகமே விஷம் என்பதால் நூலகங்கள் பிற்பாடு பெரும்பாலான பிரதிகளை அழித்துவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கெட்ஸி செய்தது கொஞ்சம் விபரீதமான வேலைதான். ஆனால் மறைக்காமல் காட்ட வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் நிற்கிறார்.

பூசணத்துக்கும் இந்தக் கதையில் ஒரு வேடம் உண்டு. ஈரச் சுவரில் பசையைத் தின்று வளரும் சில பூசணங்கள் ஆர்செனிக்கை ஒரு வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன என்று 1890களில் இத்தாலியின் கோஸியோ கண்டார். அது டிரைமீத்தைல் ஆர்சைன் என்று 1930களில் சாலெஞ்சர் என்பவர் உறுதி செய்தார். அந்த வாயு உண்மையிலேயே ஆளைக் கொல்லும் அளவுக்குச் சேருமா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் உதிரும் நிறமித் தூசு விஷம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இங்கிலாந்தில் ஆர்செனிக் வால்பேப்பரைச் சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. மக்கள் பயந்து வாங்காமல் விட்டதால்தான் அது மறைந்தது. கடையில் இருந்து மறைந்தது, சரி. சுவரில் இருந்து? பலர் கழற்றவே இல்லை. மேலே வேறு நிறத்தில் ஒன்றை ஒட்டிக்கொண்டார்கள்!

பிய்ப்பவர்களின் வீரம்

"அதனால்தான் சொல்றோம், எல்லாத்தையும் பிய்ச்சு எறிங்கன்னு!" என்று இரண்டாம் கோஷ்டி இப்போது மீசையை முறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

வால்பேப்பருக்கு அடியில், அதை ஒட்டியிருக்கும் ஜன்னல் சட்டங்களில், கதவு நிலையில், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஈயம் கலந்த பெயின்ட். வீட்டு உபயோகத்துக்கு அதை அமெரிக்கா 1978ல் தடை செய்தது. பிரிட்டனில் பொதுவிற்பனை 1992ல்தான் நின்றது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். குழந்தை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். தரையில் படிந்த தூசு வயிற்றுக்குள் போக அவ்வளவே போதும்.

ஈய பெயின்ட் உரியாமல் உதிராமல் சுவரில் சும்மா இருக்கும் வரை ஆபத்து குறைவு. அதை மெஷின் வைத்துக் காய்ந்த நிலையில் தேய்ப்பவர்தான் ஆபத்தை உண்டாக்குகிறார். கண்ணுக்குத் தெரியாத பொடியாகி அறை முழுக்கப் பரவுகிறது. சாதாரண வாக்குவம் கிளீனர் அந்தப் பொடியை உறிஞ்சிப் பின்பக்கமாக மறுபடி அறைக்குள்ளேயே ஊதும். அமெரிக்காவில் 2010 முதல், 1978க்கு முந்தைய வீடுகளில் கூலிக்கு இந்த வேலை செய்கிறவர்கள் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. சும்மா வந்திருக்குமா?

பிரிட்டன் வீடுகளில் இன்னொரு கண்ணிவெடியும் உண்டு. சுவரிலும் கூரையிலும் மேடுபள்ளமாகப் பூசும் ஒரு அலங்காரப் பூச்சு. 1980களின் நடுப்பகுதி வரை அதில் அஸ்பெஸ்டாஸ் கலப்பது சகஜம். அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்ததே 1999ல். அந்தப் பூச்சின் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்தவர்கள் உண்டு. முதல் கோஷ்டி மறைத்ததை இரண்டாம் கோஷ்டி மெஷின் போட்டு உடைக்கிறது. கூட்டணி எப்படி?

சுவர் ஒரு ஏடு

விஷத்தை விட்டுவிடலாம். பிய்த்து எறிவதில் போவது இன்னொன்றும் உண்டு.

இங்கிலாந்தில் 1712 முதல் 1836 வரை வால்பேப்பருக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகக் காகிதத்தின் பின்புறம் முத்திரை குத்துவார்கள். 1806ல் அந்த முத்திரையைப் போலியாகச் செய்வது மரண தண்டனைக் குற்றமானது. (காகிதத்துக்கா தூக்கு? ஆமாம், காகிதத்துக்குத்தான்.) இன்று ஒரு பழைய துண்டின் பின்புறம் அந்த முத்திரை தென்பட்டால் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிட முடியும். குப்பைத் தொட்டியில் போட்டவர்களுக்கு அது வெறும் குப்பை.

நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம். 1863ல் ஏழைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது. ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா என்று பிழைக்க வந்தவர்கள், ஏறத்தாழ 7000 பேர் அடுத்தடுத்து வாழ்ந்த இடம். 1935ல் தீப்பாதுகாப்பு விதிகளுக்காகச் செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு மாடிகளைப் பூட்டிவிட்டார். 1988ல் அருங்காட்சியகம் தொடங்க இடம் தேடியவர்கள் அதைத் திறந்தபோது சுவர்களில் வால்பேப்பர் அடுக்கடுக்காக அப்படியே இருந்தது. அந்த ஏழைகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எந்தப் பூவை, எந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு தூங்கினார்கள் என்பதைச் சொல்ல மிஞ்சியது அந்தச் சுவர்தான். ஒரு பகுதியை இன்றும் புதுப்பிக்காமல், சிதைந்த நிலையிலேயே வைத்துக் காட்டுகிறார்கள். "ஒரே நாள் வேலை" ஆசாமி யாராவது முன்பே உள்ளே போயிருந்தால்?

எல்லா வீட்டையும் மியூசியம் ஆக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, உறையில் போட்டு, எந்த அறை என்று எழுதி வைப்பதற்கு என்ன செலவு? ஐந்து நிமிஷம்.

அப்போ என்னதான் செய்வது?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அவசரப்படாமல் செய்ய வேண்டும், அவ்வளவே.

1. வீடு கட்டிய வருஷத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் கேள்விக்கு அதுவே பதில்.

2. அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் ஈரத்துணியால் ஊறவைத்து, முனையைத் தூக்கி எத்தனை அடுக்கு, அடியில் என்ன பெயின்ட் என்று பாருங்கள். பழைய பெயின்ட் என்றாலோ, மேடுபள்ளப் பூச்சு என்றாலோ, பளிச் பச்சை அடுக்கு தெரிந்தாலோ அதற்கு மேல் கை வைக்காமல் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

3. சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் காரை சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்தக் காகிதம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். உரித்தால் பாதிச் சுவர் கையோடு வரும்.

4. ஓதம் இருந்தால் முதலில் அதன் காரணத்தைச் சரி செய்யுங்கள். குழாய் ஒழுகும்போது சுவருக்குப் பவுடர் போட்டுப் பயனில்லை.

5. ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே உரிப்பது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெந்நீரோ நீராவியோ காட்டி, நன்றாக ஊறவிட்டு, அகலமான தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். மிச்சப் பசையைக் கழுவி, சுவர் முழுசாகக் காய்ந்த பிறகே பிரைமர்.

6. உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வேண்டாம்.

ஈய பெயின்ட் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால், அதைத் தொடாமல் மேலே முறையாக மூடிவிடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். "அப்போ நாங்க சொன்னதும் அதானே!" என்று முதல் கோஷ்டி துள்ளக் கூடாது. தெரிந்து, எழுதி வைத்து, அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு மூடுவது வேறு. தெரியாமல் அல்லது தெரியக் கூடாது என்பதற்காக மறைப்பது வேறு. வித்தியாசம் காகிதத்தில் இல்லை, மனசில் இருக்கிறது.

காசு யார் கொடுப்பது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. சோதனைக்குக் காசு ஆகும், வேலை நாட்கள் கூடும், வாடகை வீட்டில் இருப்பவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

செலவு உண்டுதான். ஆனால் பார்க்காமல் விட்டால் அந்தச் செலவு காணாமல் போவதில்லை, கை மாறுகிறது. வீட்டை விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு. உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு வந்தவருக்கு. வீட்டுக்காரரிடமிருந்து தினக்கூலிக்குத் தேய்க்கிறவரின் நுரையீரலுக்கு. 1978க்கு முந்தைய வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் தெரிந்த ஈய பெயின்ட் விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 1992ல் சட்டம் இயற்றியது, 1996ல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கேட்டது ஒன்றுதான்: வாயைத் திறந்து சொல்.

இது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுக் கவலை என்று நினைப்பவர்கள் சென்னைக்கு வரலாம். ஓதம் பிடித்த படுக்கையறைச் சுவரில் பளபள வால்பேப்பரை ஒட்டி, "புதுசா பண்ணியிருக்கு சார்" என்று அட்வான்ஸ் வாங்கும் வித்தை இங்கேயும் உண்டு. முதல் மழைக்கு வாடகைக்காரரின் குழந்தைக்கு இருமல், அட்வான்ஸில் "சுவரைக் கெடுத்துட்டீங்க" என்று கழிவு!

பொங்கலுக்கு முன்னால் தெருத் தெருவாக நடப்பதும் அதுதான். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்ப்பார்கள். பெயின்டர் மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவே பாதுகாப்பு. அந்தத் தூசிலேயே பிள்ளைகள் விளையாடும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அது புது டப்பாவுக்குத்தான் விதி. அதற்கு முன் அடித்து ஜன்னலிலும் கதவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட்டுக்கு அந்த விதி எதுவும் செய்யாது. தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்வதற்கும், பெயின்டருக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுப்பதற்கும், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் எந்த அரசாணையும் தேவையில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று ஊரே சொல்கிறது. சுவரைப் பார்த்தால்தான் சுவர் இருக்கும். அடுத்த முறை யாராவது "ஒரே நாள் வேலை" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடியில என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

பதில் வரவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.